கீரி புரண்ட மாவு: ஒரு பிரஸ்தம் யவமும் ஒரு பழைய திருகையும்

முதலில் ஆசைப்பட்டது பரத்வாஜர் விருந்துக்கு. இராமனைத் தேடிக் காட்டுக்குப் போன பரதனின் சேனைக்கு அந்த முனிவர் ஒரே இரவில் போட்ட விருந்தை வால்மீகி அயோத்தியா காண்டத்தில் நாக்கில் நீர் ஊறச் சொல்கிறார். தயிர் மடுக்கள், பாயச மடுக்கள், சர்க்கரைக் குவியல், விளாம்பழ வாசனை வீசும் தயிர்ப் பானைகள், மயில் இறைச்சி, மது. ஒன்றிரண்டையாவது வீட்டில் செய்து பார்க்கலாம் என்று நோட்டுப் புத்தகத்தில் பட்டியல் போட்டேன். போட்ட பிறகுதான் தெரிந்தது, அதில் பண்டங்களின் பெயர் இருக்கிறது, பிரமாண்டம் இருக்கிறது, பக்குவம் இல்லை. மயிலைத் தொட்டால் சிறைக்குப் போக வேண்டியதுதான். மிஞ்சுவது தயிரும் சர்க்கரையும். அதற்கு எதற்கு இதிகாசம்?

பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனபோது கையைப் பிடித்து நிறுத்தியது மகாபாரதத்தின் ஆசுவமேதிக பருவத்தில் வரும் கீரி. போர் முடிந்து தருமர் அசுவமேத யாகம் செய்கிறார். சோறு மலையாக, தயிர் ஓடையாக, நெய் மடுவாக நிற்கிறது. ஒரு லட்சம் அந்தணர்கள் உண்டு முடித்த ஒவ்வொரு தடவையும் பேரிகை முழங்கியதாம். எல்லாம் ஓய்ந்த பிறகு, உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பொன்னான ஒரு கீரி வளையிலிருந்து வெளியே வந்து, குருக்ஷேத்திரத்து அந்தணர் ஒருவர் கொடுத்த ஒரு பிரஸ்தம் அளவு சக்து மாவுக்கு இந்த யாகம் ஈடாகாது என்று சபையில் சொல்லிவிடுகிறது.

அந்த அந்தணருக்கு உஞ்சவிருத்தி. இன்று நாம் உஞ்சவிருத்தி என்றால் பஜனை பாடிக்கொண்டு தெருவில் அரிசி வாங்குவதை நினைக்கிறோம். பழைய பொருள் வேறு. அறுவடை முடிந்த வயலில் சிந்திக் கிடக்கும் மணிகளைப் புறா கொத்துவது போல ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாழ்வது. பஞ்ச காலம். ஜ்யேஷ்ட மாதம், அதாவது நம் வைகாசி, ஆனி வாக்கில். வெயிலில் அலைந்து கடைசியில் ஒரு பிரஸ்தம் யவம், அதாவது பார்லி, கிடைக்கிறது. அதைச் சக்துவாக்கி, ஜபமும் ஹோமமும் முடித்து, ஆளுக்கு ஒரு குடவமாகப் பிரித்துக்கொண்டு உட்காரும்போது விருந்தாளி வருகிறார். அந்தணர் தன் பங்கைக் கொடுக்கிறார். போதவில்லை. மனைவி, மகன், மருமகள் என்று வரிசையாக நான்கு பங்கும் போகிறது. விருந்தாளியாக வந்தவர் தர்மதேவதை. சிந்திய மாவிலும் தண்ணீர் ஈரத்திலும் புரண்ட கீரிக்குத்தான் பாதி உடம்பு பொன்னாயிற்று.

இங்கே பக்குவம் முழுதாக இருக்கிறது என்பதைக் கவனித்தேன். தானியம் யவம். அளவு ஒரு பிரஸ்தம். பண்டம் சக்து, அதாவது வறுத்து அரைத்த மாவு. வட இந்தியாவில் இன்றும் ‘சத்து’ என்ற பெயரில் விற்பது இந்தச் சொல்லின் வழிவந்ததுதான். பங்கு நான்கு. எங்கள் வீட்டிலும் சரியாக அதே நால்வர்: அப்பா, அம்மா, நான், என் மனைவி. இதற்கு மேல் சாக்குச் சொல்ல முடியாது.

அளவில் தொடங்கினேன். 4 குடவம் ஒரு பிரஸ்தம். 4 பிரஸ்தம் ஓர் ஆடகம். 4 ஆடகம் ஒரு துரோணம். நம்முடைய நாழிக்கு 4 உழக்கு என்பதும் இதே கணக்குதான். காலத்துக்கும் ஊருக்கும் தகுந்து பிரஸ்தம் மாறியிருக்கிறது. இன்றைய ஆயுர்வேத மருந்துத் தயாரிப்பில் அது 768 கிராம், குடவம் 192 கிராம். அதையே வைத்துக்கொண்டேன்.

திருகைக்கு வருகிறேன். மிக்சியில் அரைத்தால் ஐந்து நிமிட வேலை, ஆனால் அதில் எனக்குத் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. மாடிப்படிக்கு அடியில் பாட்டியின் திருகை இருபது வருடமாகக் கிடந்தது. சில ஊர்களில் ஏந்திரம் என்பார்கள். இழுத்து வெளியே போட்டுப் பார்த்தேன். மேல்கல்லின் மரக்கைப்பிடியைக் கரையான் தின்றிருந்தது. கீழ்க்கல்லின் நடுவே நிற்க வேண்டிய இரும்பு முளை துருப்பிடித்து ஆடியது. எல்லாவற்றுக்கும் மேலாக, அரைக்கும் முகம் இரண்டும் கண்ணாடி போல வழவழத்துவிட்டன. சோதனைக்கு ஒரு பிடி அரிசி போட்டுச் சுற்றினேன். போட்ட அரிசி போட்டபடி ஓரத்தில் வந்து விழுந்தது. சில மணிகள் மட்டும் மரியாதைக்கு இரண்டாக உடைந்திருந்தன.

அம்மி கொத்துகிறவர் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வந்த காலம் போய்விட்டது. ஊருக்கு வெளியே சாலையோரம் ஆட்டுக்கல் செய்து விற்கும் பெரியவர் ஒருவரைத் தேடிப் பிடித்து, கற்கள் இரண்டையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். அவர் உள்ளங்கையால் கல்லின் முகத்தைத் தடவினார். “தம்பி, கல்லுக்கும் பல் உண்டு. இதற்கு ஒரு பல்கூட இல்லை. கிழவன் முறுக்கைச் சப்புகிற மாதிரி சப்பும்” என்றார்.

அவர் சொன்னதும் எனக்குப் பூஷன் நினைவு வந்தது. தட்சனின் யாகத்தில் உருத்திரனால் பல் உடைபட்ட தேவன். வேதத்தில் அவனுக்குரிய உணவு கரம்பம், மாவைத் தயிரில் குழைத்த கூழ். இதைப் பெரியவரிடம் சொன்னேன். “பல் போனால் சாமிக்கும் கூழ்தான்” என்று சொல்லிவிட்டு உளியை எடுத்தார்.

பொளிவதை அருகில் உட்கார்ந்து பார்த்தது இந்த முயற்சியிலேயே நான் மிகவும் ரசித்த இரண்டு மணி நேரம். உளியைச் செங்குத்தாகப் பிடிக்கவில்லை, சற்றே சாய்த்துப் பிடித்தார். ஓங்கி அடிப்பதே இல்லை. சுத்தியல் தன் எடையில் விழுந்து எழுகிறது. ஒவ்வொரு அடிக்கும் கடுகளவு கல் தெறிக்கிறது. நடுத்துளையைச் சுற்றி ஆழமான குழிகள். விளிம்புக்கு வர வர ஆழம் குறைந்து, கடைசி இரண்டு விரல் அகலத்தில் ஊசிமுனைப் புள்ளிகள் மட்டும். தானியம் நடுவில் உடைந்து, ஓரத்தில் மாவாகி வெளியேற வேண்டும் என்பதால் இந்த ஏற்பாடு. எல்லா இடத்திலும் ஒரே ஆழமாகக் கொத்தினால் குருணைதான் வரும், மாவு வராது என்றார். மேல்கல்லைக் கொஞ்சம் நானும் கொத்தினேன். என் குழிகள் எவை என்று இப்போதும் பார்த்தவுடன் சொல்லிவிடலாம்.

முளையைப் பிடுங்கிப் புது இரும்புத்துண்டு அடித்து, சுற்றிலும் மரச்சீவல் இறுக்கிக் கொடுத்தார். கைப்பிடிக்கு நான் வேப்பங்குச்சி செதுக்கினேன். வீட்டுக்கு வந்ததும் கழுவி, உலரவைத்து, நொய்யரிசியை மூன்று தடவை போட்டு அரைத்துக் கொட்டினேன். முதல் தடவை வந்தது சாம்பல் நிறம். மூன்றாம் தடவை வெள்ளை. அதில் ஒரு ஸ்பூன் எடுத்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கரைத்து, அடியில் மணல் படிகிறதா என்று பார்த்த பிறகுதான் நம்பிக்கை வந்தது. கல் கொத்திய கையோடு சமையலுக்கு அரைக்கிறவர்கள் பல் மருத்துவரைப் பார்க்கத் தயாராக இருக்க வேண்டும்.

இனி யவம். முதல் முயற்சி படுதோல்வி. மளிகைக் கடையில் பார்லி அரிசி வாங்கி வந்து அப்படியே வாணலியில் போட்டு வறுத்தேன். அது தோலும் உமியும் நீக்கி மெருகேற்றிய மணி. வெளியே கருகியது, உள்ளே பச்சை. அரைத்து வாயில் போட்டால் சுண்ணாம்பு ஒட்டுகிற மாதிரி அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அதை அப்படியே மூடி வைத்துவிட்டு, ஹோமச் சாமான் விற்கிற கடையில் உமியோடு இருக்கும் யவம் வாங்கினேன். ஹோமத்துக்கு என்றால் கால் கிலோவோடு நிறுத்திக்கொள்வார்கள் போலிருக்கிறது. இரண்டு கிலோ கேட்டதும் கடைக்காரர் வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டார்.

நூறு மணியை எண்ணி எடை போட்டேன். 4.2 கிராம். அப்படியானால் ஒரு பிரஸ்தத்துக்கு ஏறக்குறைய 18,000 மணிகள். இதை எண்ணாகப் படித்தால் ஒன்றும் தோன்றாது என்பதால் மொட்டை மாடியில் ஒரு பிடி யவத்தைத் தூவிவிட்டுக் குந்தி உட்கார்ந்து பொறுக்கினேன். பத்து நிமிடத்தில் 16 கிராம். இந்த வேகத்தில் ஒரு பிரஸ்தத்துக்கு எட்டு மணி நேரம். நான் பொறுக்கியது நானே நெருக்கமாகத் தூவிய, சமதளமான சிமெண்டுத் தரையில். அந்த அந்தணர் பொறுக்கியது பஞ்ச காலத்து வயலில். யவம் வடக்கே பங்குனி, சித்திரையில் அறுப்பாகிவிடும். ஆனி வரை எறும்பும் பறவையும் விட்டுவைத்த மிச்சம் எவ்வளவு இருந்திருக்கும்? என் முதுகு பத்து நிமிடத்திலேயே பதில் சொல்லிவிட்டது.

நெல்லில் உமி சட்டை மாதிரி கழன்று வரும். யவத்தில் அது மணியோடு ஒட்டிப் பிறக்கிறது. அதனால் இரவு முழுக்க ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் சற்று மிச்சமிருக்கும்போதே வறுக்க வேண்டும். இரும்பு வாணலியில் சலித்த ஆற்று மணலைக் கொட்டிக் காய்ச்சினேன். ஒரு மணியைப் போட்டால் அது துள்ள வேண்டும், அதுதான் பதம். ஒரு தடவைக்கு இரண்டு பிடிக்கு மேல் போட்டால் மணல் ஆறிவிடுகிறது. போட்டதும் சடசடவென்று வெடிப்பு, பின் ஒரு வாசனை. புதுக் காப்பிக்கொட்டைக்கும் சுட்ட சோளத்துக்கும் நடுவே எங்கோ இருக்கிற வாசனை. கீரியின் உடம்பைப் பொன்னாக்கியவற்றில் மாவின் மணமும் ஒன்று, மூலத்தில் ‘சக்துகந்தம்’ என்றே சொல்லப்பட்டிருக்கிறது. அதுவரை அதை அலங்காரம் என்று நினைத்திருந்தேன். அன்று கீழ்வீட்டு நாயும் படியேறி வந்து வாசலில் நின்றது.

மணலைச் சலித்துவிட்டு உரலில் போட்டுக் குத்தினோம். நான் எடுத்த உலக்கையை அம்மா இரண்டு நிமிடத்தில் பிடுங்கிக்கொண்டார். ஓங்கிக் குத்தினால் மணி நொறுங்கி உமியோடு கலந்துவிடும், உமி கழல்வதற்கு உராய்வுதான் வேண்டும் என்பது அவர் வாதம். புடைப்பதும் அவரே. முறத்தில் ஒரு தட்டு, ஒரு கொழிப்பு. உமி மட்டும் முன்னால் பறந்து போனது. நான் தட்டினால் எல்லாமே பறந்தது.

அரைத்தது ஒரு மணி பத்து நிமிடம், இரண்டு சுற்று. ஒரு சூட்சுமத்தைத் தாமதமாகக் கண்டுபிடித்தேன். இரண்டு கல்லுக்கும் நடுவே இடைவெளி அதிகம் என்றால் குருணை. குறைந்தால் கல்லும் கல்லும் உரசி மாவு சூடாகிறது. முளையில் துணி நாடாவைச் சுற்றி மேல்கல்லை ஒரு நூலளவு தூக்க வேண்டும். முதல் சுற்றுக்கு இரண்டு சுற்றுத் துணி, அடுத்ததற்கு ஒன்று. நடுத்துளையில் போடுவது மூன்று விரலால் எடுக்கிற அளவுதான். கை நிறையப் போட்டால் கல் நின்றுவிடும். வலது கையால் சுற்றி இடது கையால் போட்டதில், எழுந்து பார்த்தபோது வலது தோளிலிருந்து முழங்கால் வரை மாவு. மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்து, “பாதிதான் ஆகியிருக்கிறது” என்றாள்.

அளவில் ஒரு ஆச்சரியம் காத்திருந்தது. யவத்தை 768 கிராம் நிறுத்து ஒரு எவர்சில்வர் சம்படத்தில் கொட்டி, அது நின்ற மட்டத்தில் கோடு போட்டு வைத்திருந்தேன். மாவை எடை போட்டால் 600 கிராம்தான். உமி, ஈரம், என் கைவண்ணம் எல்லாமாகச் சேர்ந்து ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. அப்படியானால் ஒரு பிரஸ்தம் யவம் எப்படி ஆளுக்கொரு குடவம் மாவாகும்? கணக்கு இடிக்கிறதே என்று அதே சம்படத்தில் மாவைச் சலித்துக் கொட்டினேன். கோட்டைத் தொட்டு நின்றது. மாவு மணியைவிடப் பொசுபொசுவென்று இருப்பதால், எடையில் இழந்ததைக் கொள்ளளவில் திருப்பிக் கொடுத்துவிட்டது. சம்படத்தை மூன்று தடவை தட்டினால் இரண்டு விரல் இறங்கிவிடுகிறது, அது வேறு விஷயம். ஆனால் தட்டாமல் அளந்தால், படியால் அளக்கிற வீட்டில் ஒரு பிரஸ்தம் போட்டு நான்கு குடவம் எடுப்பது அச்சுப் பிசகாத கணக்கு. கதையைச் சொன்னவர் அளந்து பார்த்தவர் என்றே நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிடுவது என்று முடிவாயிற்று. சாந்தி பருவத்தில், மனிதருக்கு உணவு காலையும் மாலையும் என்று விதிக்கப்பட்டது, இடையில் உண்பது இல்லை, அப்படி இருப்பவன் உபவாசம் இருப்பவனே என்று ஒரு சுலோகம் வருகிறது. அன்று அப்படியே இரண்டு வேளை மட்டும் என்று அறிவித்தேன். காப்பி உணவில் சேராது என்று அப்பா வியாக்கியானம் செய்து மூன்று தடவை குடித்தார்.

மாலை ஆறு மணிக்கு நான்கு கிண்ணம், ஆளுக்கு 150 கிராம். முதலில் வெறும் மாவு. வாயில் போட்டுப் பேசினால் புகை வருகிறது. அடுத்து தண்ணீர் விட்டுப் பிசைந்து உருட்டினேன். அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. “இப்படி உருட்டி இலையில் வைக்காதே” என்றார். உருண்டையைப் பார்த்தேன், திதி பிண்டம்தான். சித்திரகூடத்தில் தசரதன் இறந்த செய்தி கேட்டு இராமன் மந்தாகினிக் கரையில் வைத்த பிண்டமும் சோறல்ல. இங்குதி என்ற காட்டு மரக்கொட்டையின் பிண்ணாக்கில் இலந்தைப்பழம் சேர்த்துத் தர்ப்பையில் வைக்கிறான். மனிதன் எதை உண்கிறானோ அதையே அவனுடைய தெய்வங்களும் உண்ணும் என்கிறான். பின்னால் வரும் கோசலை அந்தப் பிண்டத்தைப் பார்த்துத்தான் மனம் உடைகிறாள். உருண்டைகளை மறுபடி உடைத்துக் கரைத்துவிட்டேன்.

மாவில் நெய் பிசறிக் குளிர்ந்த நீரில், மிகவும் நீர்க்காமலும் கெட்டியாகாமலும் கரைத்தால் அது ‘மந்தம்’ என்ற பானம் என்று ஆயுர்வேதம் சொல்கிறது. இது நன்றாக இருந்தது. வெயிலில் அலைந்துவிட்டு வந்தால் இன்னும் நன்றாக இருக்கும். ஆனால் அந்த அந்தணர் வீட்டில் நெய் ஏது? எங்களுக்கு மிகவும் பிடித்தது தயிரும் உப்பும் சேர்த்த பூஷன் கூழ். அப்பா மட்டும் இரண்டு வாய்க்குப் பிறகு தன் பங்கை தானம் செய்ய முன்வந்தார். காரணம் தர்மம் அல்ல, ருசி. அந்த நேரம் பார்த்து அழைப்பு மணி அடித்தது. நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கீழ்வீட்டு அம்மாள். இரண்டு நாளாக என்ன இடிச் சத்தம் என்று விசாரிக்க வந்திருந்தார். ஒரு கிண்ணம் நீட்டினோம். வாசனை பிடித்துப் பார்த்துவிட்டு, இப்போதுதான் சாப்பிட்டேன் என்று கிளம்பிவிட்டார்.

மாவு கையில் இருந்ததால் இன்னொன்றும் செய்து பார்த்தேன். ஆதி பருவத்தில் துரோணரின் மகன் அசுவத்தாமன் பால் கேட்டு அழுகிறான். வீட்டில் பசு இல்லை. மற்றப் பிள்ளைகள் மாவைத் தண்ணீரில் கரைத்துப் பால் என்று கொடுக்க, குடித்துவிட்டு நானும் பால் குடித்தேன் என்று ஆடுகிறான். அதைப் பார்த்த துரோணர் உதவி கேட்டுத் துருபதனிடம் போகிறார். அங்கே கிடைத்த அவமானம் எங்கே போய் முடிந்தது என்பது தெரிந்ததே. என் யவ மாவைக் கரைத்தேன். மண்பாண்டம் கழுவிய நீர் மாதிரி பழுப்பு. எந்தக் குழந்தையும் ஏமாறாது. அரிசி மாவைக் கரைத்தேன். வெள்ளை வெளேரென்று, கண்ணுக்கு அசல் பால். நான்கைந்து நிமிடத்தில் மாவு அடியில் படிந்து, மேலே கஞ்சித் தெளிவு மாதிரி நின்றது. அவன் கொடுத்த கையோடு மடக்கென்று குடித்திருக்க வேண்டும். நான் குடித்துப் பார்த்தேன். பச்சை மாவு நெடி தொண்டை வரை நின்றது. பால் எப்படியிருக்கும் என்றே தெரியாத பிள்ளைக்குத்தான் அதில் ஆட்டம் வரும்.

இதே சக்து கர்ண பருவத்தில் வசைக்குப் பயன்படுகிறது. மத்ர மன்னன் சல்லியனோடு வாய்ச்சண்டை முற்றும்போது, உங்கள் நாட்டார் சக்துக் கரைசல் குடிக்கிறவர்கள் என்று மத்ர தேசத்தாரைக் கர்ணன் ஏசுகிறான். திருகையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தவன் அந்த வசையைச் சொல்லியிருக்க மாட்டான் என்று எனக்கு ஒரு எண்ணம்.

திருகையில் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. வேப்பங்குச்சி காய்ந்து சுருங்கிக் கைப்பிடி ஆடுகிறது. பலா அல்லது பூவரசங்கட்டை தேட வேண்டும். என் பங்குக்கு நான் கொத்திய பகுதியில் மாவு அடைத்துக்கொள்கிறது. பெரியவரிடம் மறுபடி எடுத்துப்போக வேண்டும், திட்டும் வாங்க வேண்டும்.

அப்பாவின் 150 கிராம் மாவு அப்படியே இருந்தது. மறுநாள் அம்மா அதில் வெல்லப்பொடியும் ஏலக்காயும் போட்டு, சூடான நெய் ஊற்றி உருண்டை பிடித்துவிட்டார். பதினொன்று வந்தது. மாலைக்குள் எட்டை அப்பாவே தின்று தீர்த்தார். நெய் எவ்வளவு போயிற்று என்று நோட்டில் எழுதக் கேட்டால், அதெல்லாம் பிரஸ்தக் கணக்கில் வராது என்கிறார் அம்மா.